மூக்கில் மாட்டும் காற்று

நான் குறட்டை விடுகிறவன் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் நம்பியதில்லை. நம்புவதற்கு நான் அதைக் கேட்டிருக்க வேண்டாமா? குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை எனக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், எதிரே பேக்கரி வைத்திருப்பவர் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாராம். சர்ச்சில் ஒருநாள் போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒரு நிமிடம் பொறுப்போம்" என்றார். சபை மொத்தமும் சிரித்தது. நானும் கண்ணைத் திறந்து சிரித்தேன், யாரைச் சொல்கிறார் என்று தெரியாமலே.

இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஆனால் போன மழைக்காலத்தில் என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் படுத்தாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மறுநாளும் போனாள். அதற்கடுத்து அவளுடைய போர்வையும் போயிற்று.

"என்னட்டி, சத்தம் தாங்க முடியலியா?" என்று கேட்டேன்.

"ம்" என்றாள். அதோடு சரி.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே கட்டிலில் கிடந்தவர்கள். அந்த ஒற்றை 'ம்' எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரிடம் போய்ச் சொல்ல? பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். கேட்டால் சிரிக்கும். எப்படியாவது இந்தக் குறட்டையை ஒழித்து, அவளைத் திரும்ப இந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும். என் மனதில் இருந்தது இது ஒன்றுதான். உடம்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர்களை ஒட்டி ஓர் இரவு முழுக்க அங்கேயே உறங்க வைத்தார்கள். மறுநாள் டாக்டர் மலையும் பள்ளமுமாகக் கோடுகள் போட்ட தாளைக் காட்டினார்.

"உறக்கத்துல உங்களுக்கு மூச்சு நிண்ணு நிண்ணு வருது" என்றார்.

"நிண்ணா நான் செத்திருக்கணுமே சார்?"

"மூளை எழுப்பி விட்டிருது. அதனாலதான் உங்களுக்குப் பகல்ல இவ்வளவு உறக்கம்."

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. இரவெல்லாம் நான் நன்றாக உறங்குகிறேன் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்! இவர் சொல்வதைப் பார்த்தால் இரவெல்லாம் நான் விழித்து விழித்து எழுந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் எழுந்தவன் எவன்? திரும்பப் படுத்தவன் எவன்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. உறங்கும்போது மூக்கில் காற்றைத் தள்ளுகிற மிஷின் ஒன்று வைக்கச் சொன்னார். அதை வைத்தால் குறட்டை நிற்குமா என்று மட்டும் கேட்டேன். சுத்தமாக நிற்கும் என்றார். அது போதும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மிஷினைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டியது ஒரு பெண். பெட்டி என்னவோ சின்னதுதான். அதிலிருந்து வாஷிங் மிஷினுக்குப் பின்னால் இருக்குமே, அதுபோல் ஒரு குழாய். குழாயின் நுனியில் மூக்கை மூடுகிற மாஸ்க். அதைத் தலையோடு சேர்த்துக் கட்ட வார்கள். எந்த வார் காதுக்கு மேலே, எது காதுக்குக் கீழே என்பது அந்தப் பெண் இருக்கும்வரை தெளிவாக இருந்தது. அவள் ஸ்கூட்டரை எடுத்ததும் எல்லாம் மறந்து போயிற்று. ஒரு வாரை நெற்றிக்குக் கொண்டுபோய், இன்னொன்றைத் தாடையில் கட்டி, கண்ணாடியில் பார்த்தால் பல்வலிக்காரன் மாதிரி இருந்தேன்.

பொத்தானை அழுத்தியதும் காற்று மூக்குக்குள் தள்ளிக்கொண்டு ஏறியது. இழுப்பதில் கஷ்டம் இல்லை. வெளியே விடுவதுதான் பாடு. நான் விட விட, அது திருப்பி எனக்கே தந்தது. மூச்சு விடுவது எப்படி என்று ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருவன் உட்கார்ந்து யோசிக்கலாமா? யோசித்தேன். முதலில் இழுக்க வேண்டுமா, விட வேண்டுமா என்றே குழம்பிப்போயிற்று.

அப்போது என் மனைவி அறை வாசலில் வந்து நின்று, "சாயா வேணுமா?" என்று கேட்டாள். வேணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூக்கு வழியாகப் போன காற்றெல்லாம் வாய் வழியாகப் புஸ்ஸென்று வந்தது. சொல் ஒன்றும் வரவில்லை. எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஓரடி பின்னால் வைத்து, என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. மாஸ்க்கின் முன்பக்கத்தில் பொடிப்பொடியாகத் துளைகள் இருந்தன. அதன் வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருந்தது. ரப்பர்க்காரன் அல்லவா, கசிவைக் கண்டால் கை சும்மா இருக்குமா? டேப்பை எடுத்து அழகாக ஒட்டி அடைத்தேன். போட்டுப் பார்த்தால் மூச்சு முட்டியது. போனில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, பழுதான மாஸ்க்கைத் தந்துவிட்டாய் என்று சத்தம் போட்டேன்.

"ஐயோ சாரே, அதை அடைச்சிராதீங்க! நீங்க விடுற மூச்சு அதுவழியாத்தான் வெளிய போகும்" என்றாள்.

டேப்பை உரித்தேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. சில நாள் காலையில் மாஸ்க் தலையணைக்கு அடியில் கிடக்கும். யார் கழற்றினார்கள் என்று தெரியாது. மூக்கின் மேல் சிவப்பாகத் தழும்பு விழுந்தது. பிறகு ஒருநாள் காலை கண் விழித்தபோது மாஸ்க் இருந்த இடத்தில் இருந்தது. தலையில் பாரம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பலாமரத்து இலை ஒவ்வொன்றும் துடைத்து வைத்தாற்போல் தெரிந்தது. கடையில் மத்தியானம் உறக்கமே வரவில்லை. பேக்கரிக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "என்னவோய், உடம்புக்கு என்னமாம் செய்யுதா? சத்தமே இல்ல!" என்று விசாரித்தார்.

குறட்டை நின்றுவிட்டது. ஆனால் அவள் வரவில்லை.

இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று கட்டிலில் அவள் பக்கத்தை ஒழித்துப் போட்டுக் காத்திருந்தேன். தலையணை ஹாலிலேயே கிடந்தது. சத்தம்தானே காரணம், சத்தம்தான் போயிற்றே, பிறகு என்ன? போதாததற்கு, என் முகம் எவ்வளவு தெளிந்ததோ அவ்வளவுக்கு அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு. குழம்பில் உப்புப் போட மறந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எவனோ ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டு யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு கிடப்பது யாருக்காக?

இப்படி இருக்கும்போதுதான் அந்த மழைநாள் வந்தது. விடாமல் மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கடைக்கு ஷீட்டும் வராது. நான் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் தையல்கடைக்குப் போயிருந்தாள். பகலில் உறங்கினாலும் மாஸ்க் மாட்ட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். நல்ல உறக்கம்.

அடுத்த வீட்டு அம்மா பாத்திரம் ஏதோ திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். சும்மா சாத்தியிருந்த கதவைத் தட்டியும் பதில் இல்லாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். நான் குழாயும் மாஸ்க்குமாக அசையாமல் கிடக்கிறேன். அவ்வளவுதான். சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போய்விட்டது: நம் சகோதரர் வீட்டிலேயே வெண்டிலேட்டரில் இருக்கிறார், அவசர ஜெபம் தேவை.

பாட்டுச் சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள். போதகர் தலைமாட்டில். பெண்கள் சங்கத்தார் கால்மாட்டில். மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பை, ரஸ்க் பாக்கெட். அவர்கள் பாடியது எங்கள் ஊரில் அடக்க ஆராதனைக்கு மட்டும் பாடுகிற பாட்டு. ஒரு கணம், சத்தியமாக, நான் இறந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூச்சு நின்று நின்று வந்தது ஒரேயடியாக நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"கர்த்தாவே, பேச்சும் போயிற்றே!" என்று அடுத்த வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

சரி, கழற்றிவிட்டுப் பேசுவோம் என்று வாரில் கை வைத்தேன்.

"பிடிங்க, பிடிங்க! அதைக் கழத்த விடாதீங்க, உசிரு போயிரும்!"

இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். சபை மூப்பர் மாஸ்க்கை என் முகத்தோடு சேர்த்து அமுக்கினார். போதகர் தலையில் கை வைத்து உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினார். நான் திமிறத் திமிற ஜெபம் கூடியது.

அப்போதுதான் அவள் வந்தாள். மழையில் நனைந்து, குடையை எங்கோ விட்டுவிட்டு, கையில் போனோடு. என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் திறந்து கையைக் காலை உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த வீட்டில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. பாட்டு நின்றது. மூப்பர் கையை எடுத்தார். நான் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "குறட்டைக்கு வைக்குற மிஷினாக்கும் இது!" என்று கத்தினேன்.

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. போதகர் தொண்டையைச் செருமிவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். ஒவ்வொருவராக வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்கள். ஹார்லிக்ஸைத் திருப்பிக்கொண்டு போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று அடுத்த வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டுப் போனார்.

அவள் இன்னும் தரையில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியுமே ஏட்டி, இது என்ன மிஷின்னு. அவிய போட்ட மெசேஜை நீயுமா நம்பினே?"

"எங்க அண்ணனுக்கும் இதே மாதிரிதான் மாட்டியிருந்தாவ" என்றாள்.

கொரோனா சமயத்தில் போன அவளுடைய மூத்த அண்ணன். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடாத நாட்கள். ஒரு நர்ஸ் போனில் வீடியோவில் காட்டினாள் என்பது எனக்கும் தெரியும். அப்போது நான் கடையில் இருந்தேன். அவள் என்ன பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை.

"மூக்குல இதே மாதிரி மாட்டி, அண்ணன் கண்ணு மூடிக் கிடந்தான். நான் கூப்பிட்டேன். உறங்குறாரு, எழுப்ப வேண்டாம்ணு அந்தப் பிள்ளை சொன்னா. நானும் செரிண்ணு போனை வச்சுட்டேன். மறுநாளு கட்டிப் பொதிஞ்சு கொண்டு வந்தாவ."

பக்கத்தில் கிடந்த மாஸ்க்கை எடுத்து, அவள் கண்ணில் படாமல் என் முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"அப்பம் ஹாலுக்குப் போனது? அது மிஷின் வாறதுக்கு முன்னால இல்லியா? என் கொறட்டை தாங்காமத்தானே போனே?"

"கொறட்டை கேட்டா நிம்மதியாக்கும்" என்று மூக்கைத் துடைத்தாள். "அது நடுவுல நிக்குமே, அதுதான் எனக்குப் பயம். இப்பம் வரும், இப்பம் வரும்ணு எழும்பி இருந்து பாத்துட்டே இருப்பேன். ஹால்ல ஃபேன் சத்தத்துல நிக்கது கேக்காது. பெரிய கொறட்டை மட்டும் கேக்கும். அதைக் கேட்டு உறங்கிக்கிடுவேன். இப்பம் அதுவும் இல்ல. வாசல்ல வந்து நிண்ணு பாத்தா, அண்ணன் கிடந்த மாதிரியே கிடக்கிய."

டாக்டர் தாளில் காட்டிய பள்ளங்கள் ஒவ்வொன்றையும் இவள் விழித்திருந்து கேட்டிருக்கிறாள். நான் என்னவென்றால், சத்தம் பிடிக்காமல் என்னை ஒதுக்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மட்டும் என்ன செய்வது? போட்டால் இவளுக்கு உறக்கம் இல்லை. போடாவிட்டால் எனக்கு மூச்சு இல்லை. இதற்கு எந்த டாக்டரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒருவர் விடாமல் சுகம் விசாரித்ததற்குப் பதில் சொல்லி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மத்தியான உறக்கத்துக்குப் படுக்கப் போகும்போதுதான் மாஸ்க்கில் இருந்த அந்தத் துளைகள் ஞாபகம் வந்தன.

"இஞ்ச வா ஏட்டி. கொஞ்ச நேரம் பக்கத்துல கிட. நான் இதை மாட்டின பெறவு பேச முடியாது, அதனால இப்பமே சொல்லுதேன். இந்த ஓட்டைக்கு நேரே கையை வையி. நான் விடுற மூச்சு இதுவழியாத்தான் வெளிய வரும்."

நம்பாமல் பார்த்தாள். ஆனால் வந்து படுத்தாள், கட்டிலின் ஓரத்தில், எழுந்து ஓடத் தயாராக. நான் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். உள்ளங்கையை என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். அதில் வெங்காய வாசனை அடித்தது.

"காத்து வருது" என்றாள்.

நான் கண்ணால் ஆமாம் என்றேன்.

"இப்பம் குறையுது... இப்பம் கூடி வருது. வருது." கொஞ்சம் பொறுத்து, "வருது."

நான் ஒழுங்காக இழுத்தேன், ஒழுங்காக விட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவள் "வருது" என்று சொன்னாள். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றுக்குச் சொன்னாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. கை மெல்ல நழுவி என் கன்னத்தில் கனமாக விழுந்தது. மூக்கின் நுனி கடுமையாக அரித்தது. அசைந்தால் விழித்துவிடுவாள் என்று சொறியாமல் கிடந்தேன். மிஷினின் சத்தத்துக்குள்ளே அவள் மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டது. அடுத்தது வருகிறதா என்று பார்த்தேன். அதற்கடுத்ததும் வருகிறதா என்று பார்த்தேன். அன்று மத்தியானம் முழுக்க உறங்காமல் கிடந்தது நான்தான்.