கொக்குகள் கலைந்த காலை

சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவன் நான். ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆட்கள்தான் வேண்டியிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடவென்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் புகுந்து இளவட்டங்களை லாரியில் ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அடுத்த லாரி வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடிவிட்டேன். தெலுக் இந்தானுக்கும் கீழே, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு தென்னந்தோட்டம். அங்கேதான் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே வீடு அது.

மச்சான் என்னை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கடலோரப் பாக்காவ் காட்டில், சேற்றுக்கு மேல் வேரூன்றி நிற்கும் மரங்களுக்குள், விறகு வெட்டிகள் விட்டுப்போன குடிசைக்குக் கூட்டிப் போனார்.

"பகல்ல தலை காட்டாத மாப்ள. விடியக்காலைல மட்டும் கொஞ்சம் நடந்துக்க. சாப்பாடு நான் கொண்டாரேன்."

அந்த விடியற்கால நடைதான் என்னைப் புத்தி பேதலிக்காமல் காப்பாற்றியது. ஐப்பசி மாதம். கடல் வற்றிப் பின்வாங்கியதும் சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் பளபளக்கும். வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் கூட்டங் கூட்டமாக இறங்கி, ஓடி ஓடிச் சேற்றைக் குத்தும். வெள்ளைக் கொக்குகள் ஓடைக்கரையில் அசையாமல் நிற்கும். மொட்டைத் தலையோடு ஒரு பெரிய நாரை, நடை மட்டும் தோட்டத்துத் துரை மாதிரி, தனியாக உலாத்தும். ஒருநாள் நீர்நாய்க் குடும்பம் ஒன்று ஓடையில் மீன் பிடித்து, குட்டிகளுக்குள் சண்டை வந்து, தாய் பிடுங்கிப் பங்கு போட்டதைப் பார்த்தேன். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சத்தம் போட்டுச் சிரித்தேன். உடனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்தது. செம்பருந்து தலைக்கு மேல் வந்தால் உள்ளான்கள் மொத்தமாக எழும்பி, ஒரே பந்தாகச் சுழன்று, திரும்ப அதே இடத்தில் இறங்கும். மனிதன் வந்தால் அப்படியில்லை. கிட்டே இருப்பது முதலில் பறக்கும், பிறகு அடுத்தது. ஆள் வரும் வழியைப் பறவைகளே காட்டிக்கொடுத்துவிடும். மச்சான் தனியாக வந்தால் ஓடைக்கரைக் கொக்குகள் நாலைந்து மட்டும் நகர்ந்து உட்காரும்.

அந்தக் காலையில் ஓடைக்கரை முழுக்கக் கலைந்தது. ஒரு கொக்குகூட மிஞ்சவில்லை. நான் சேற்றோரத்தில் நின்றிருந்தேன். பின்னால் காடு. நாலு எட்டு வைத்திருந்தால் வேர்களுக்குள் மறைந்திருப்பேன். திரும்பியும் விட்டேன்.

"மாப்ள! நான்தான். வா, கிழங்கு சூடா இருக்கு."

மச்சானின் குரல். கொக்குகளை மறந்துவிட்டு அந்தக் குரலை நோக்கி நடந்தேன். வளைவில் அவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தோட்டத்துப் பெரிய கங்காணியும் துப்பாக்கியோடு இரண்டு ஜப்பான்காரர்களும்.

நான் ஓடவில்லை. மச்சானின் முகத்தையே பார்த்தேன். அவர் என் கையில் பொட்டலத்தைத் திணித்து, "வழியில சாப்பிடு மாப்ள," என்றார்.

லாரியில்தான் பிரித்தேன். உள்ளே கிழங்கு இல்லை. வெள்ளைச் சோறு, பொரித்த முட்டை, நெத்திலிச் சம்பல். அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக் கணக்காகியிருந்த காலம். எங்கோ கெஞ்சி அரிசி வாங்கி, விடியுமுன் எழுந்து, எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்திருக்கிறாள் அக்கா. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மச்சானைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. ஆனாலும் பசி. அழுதுகொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

சயாமில் பட்டதை இங்கே சொல்லப் போவதில்லை. என்னோடு அந்த லாரியில் ஏறியவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. சண்டை முடிந்து, எலும்பும் தோலுமாக வந்து, அக்கா வீட்டு வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டானுங்க தம்பி. அவரு போனா இந்த ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்னா செய்வேன்? நீ தனி ஆளு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. நானே போயிருப்பேனே."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று.

சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல்லுடைக்கும் வேலைக்குப் போனேன். அவர்கள் வீட்டுப் படியை அதற்குப் பிறகு ஒரே தடவைதான் மிதித்தேன். அக்காவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு. தாய்மாமன் இல்லாமல் அந்தப் பெண் மணையில் உட்காரக் கூடாது என்று போனேன். மாலை போட்டேன், சீர் வைத்தேன். பந்தியில் மச்சானே வந்து பரிமாறினார். ஒரு பருக்கை தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்து பஸ் ஏறினேன்.