ஆர்லோ கிரப்பின் வயலும் வெல்டாவின் வெள்ளை ஷூவும்

இந்தியானாவில் எங்கள் கவுண்டிப் பக்கம் ஒருவனை அவமானப்படுத்த அவன் அம்மாவையும் அக்காவையும் இழுக்க வேண்டியதில்லை. "உன் வயலில் தண்ணி நிக்குதுப்பா" என்றால் போதும், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான். பூமி அப்படி. மேசை மாதிரி தட்டை. எந்தக் காலத்திலோ பனிப்பாறை ஒன்று வந்து, கல்லையும் களியையும் சேர்த்து அரைத்து, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கிவிட்டுப் போய்விட்டது. பெய்கிற மழை கீழேயும் இறங்காது, பக்கத்திலும் ஓடாது. வேண்டாத விருந்தாளி போல வந்து உட்கார்ந்துவிட்டு ஜூன் மாதம்வரை கிளம்ப மாட்டேன் என்னும்.

அந்தப் பூமியிலேயே மகா மட்டமான பள்ளம் ஆர்லோ கிரப்புக்கு வாய்த்தது. அவன் அப்பா காலத்தில் ஒரு கோவேறு கழுதையே அந்த வயலுக்குள் முழுகிப்போனதாக ஊரில் பேச்சு. "சுத்தப் பொய்! காதைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டோம். அதுக்கப்புறம் காது கொஞ்சம் நீளமாப் போச்சு, அவ்வளவுதான்" என்பான் ஆர்லோ.

அப்பா போன பிறகு அவன் மண்வெட்டியைக் கையில் எடுத்தான். ஒவ்வொரு வருஷமும் சோளம் அறுத்த கையோடு வயலில் இடுப்பளவு வாய்க்கால் தோண்டுவான். சுட்ட மண் குழாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்து அடியில் வரிசையாகப் பதித்து மூடுவான். வயலின் தண்ணீரெல்லாம் அந்தக் குழாய்களில் கசிந்து, சேர்ந்து, கோடியிலுள்ள ஓடையில் போய்க் கொட்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. மற்ற ஆண்பிள்ளைகள் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயதில் இவன் பள்ளம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் வயல் காய்ந்தது. தவளைகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குக் குடிபோயின. ஆனால் ஆர்லோவுக்குத் தலையும் வழுக்கையாகிவிட்டது, வீட்டில் காபி போட்டுக் கொடுக்கவும் ஆளில்லை.

அடுத்த வயல் டோய்ல் ஃபர்மனுடையது. ஆர்லோ வயலைவிட இரண்டு முழம் உயரம். அந்த இரண்டு முழத்தை வைத்துக்கொண்டு அவன் பண்ணிய அலட்டல் இருக்கிறதே! மேட்டு நிலத்துக்காரன் என்ற மிதப்பில் ஒரு குழாய்கூடப் பதித்தது கிடையாது. அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை.

இருவரும் கண் வைத்திருந்தது வெல்டா கெஸ்லர் மேல். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கணவனை இழந்தவள், சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவளுடைய முதல் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பாதையில் கால் வைத்ததும் வலது கால் வெள்ளை ஷூவைச் சேறு விழுங்கிவிட்டது. எவ்வளவோ தோண்டியும் கிடைக்கவில்லை. கல்யாணப் போட்டோவில் மணப்பெண் ஒற்றைக்காலில் நாரை மாதிரி நிற்பாள். அதற்கப்புறம் பத்து வருஷம் அந்தச் சேற்றிலேயே குடித்தனம். மிஞ்சிய இடது ஷூவை மட்டும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

மாதாகோவில் விருந்தில் யாரோ மறுமணப் பேச்சை எடுத்தபோது, உருளைக்கிழங்கு மசியல்மேல் நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இனி ஒருத்தனைக் கட்டிக்கிட்டா, அவன் நிலத்துல கால் வச்சா காலோட ஷூவும் திரும்பி வரணும். அழகு வேணாம், அறிவுகூட அவ்வளவா வேணாம்."

ஆர்லோவுக்கு மசியல் தொண்டையில் நின்றது. அழகில்லை, அறிவும் அவ்வளவாக இல்லை, காய்ந்த நிலம் இருக்கிறது. தனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது.

"அரசாங்கத்துலேர்ந்து மண்ணு பார்க்க ஆள் வர்றானாமே" என்று டோய்ல் உடனே குறுக்கே விழுந்தான். "எவன் வயல் எவ்வளவு வடியுதுன்னு புத்தகமே போடப் போறாங்க. அதைப் பார்த்து முடிவு பண்ணு வெல்டா. ஆர்லோ வாயை நம்பாதே, கழுதையையே முழுங்கின குடும்பம்."

"சரி, புத்தகம் வரட்டும், பார்ப்போம்" என்று வெல்டா சிரித்தாள்.

அன்றிலிருந்து ஆர்லோவுக்குத் தூக்கம் போயிற்று. குழாய் பதித்ததால்தான் வயல் காய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மண் பார்க்கிறவன் மதிப்பைக் குறைத்துவிடுவான். பிறவியிலேயே காய்ந்த நிலம் என்று அவனை நம்ப வைத்துவிட வேண்டும். இப்படி ஒரு நினைப்பு அவன் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஆனால் குழாயின் வாயோ ஓடைக்கரையில் கடகடவென்று தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் இறங்கினான்.

சாக்கை அடைத்தான், குழாய் துப்பிவிட்டது. வைக்கோலை அடைத்தான், அதையும் துப்பியது. கடைசியில் கட்டிலில் கிடந்த ஒட்டுத்துணி மெத்தைப் போர்வையை எடுத்துவந்து சுருட்டித் திணித்தான். சிக்கென்று நின்றது. அந்தப் போர்வை வெல்டா தன் கையால் தைத்தது. மாதாகோவில் ஏலத்தில் டோய்லோடு மல்லுக்கட்டி எடுத்தது. 'அவளே வரப்போகிறாள், போர்வைக்கு என்ன பஞ்சம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மண் பார்க்கிறவன் வந்தான். ராய்ஸ் டாண்டி என்று பெயர், தோளில் நீளமான திருகுத் துளைப்பான். வயல் நடுவே நின்று திருகினான். மேலே கறுப்பு மண் வந்தது. ஒரு முழம் இறங்கியதும் சாம்பல் நிறத்தில் களி, அதில் அங்கங்கே துருப்பிடித்த புள்ளிகள். ஒரு கட்டியை எடுத்து எச்சில் தொட்டு உருட்டினான். பையிலிருந்து நிற அட்டைகள் ஒட்டிய சின்னப் புத்தகத்தை எடுத்து, துணிக்கடையில் ரவிக்கைக்குத் துணி பொருத்திப் பார்க்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மிக மோசமான வடிகால்" என்றான்.

ஆர்லோ பதறிப்போனான். "என்ன தம்பி இது, கண்ணு தெரியுதா? நீ நிக்கிற இடம் காய்ஞ்சில்ல கிடக்கு!"

"இப்போ காய்ஞ்சிருக்குங்க. குழாய் பதிச்சிருக்கீங்கல்ல?"

"குழாயா? எந்தக் குழாய்?"

டாண்டி சிரித்தான். "குழாய் இல்லாம இந்த மண்ணுல ஏப்ரல் மாசம் நின்னா எனக்குத் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும். குழாய் இருந்தாலும் இல்லைன்னாலும் ஒண்ணுதாங்க. மண்ணு பிறந்த குணத்தைத்தான் நாங்க எழுதுவோம். காத்துப் படாம ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணியிலயே ஊறினதுல செவப்பு போய் இப்படிச் சாம்பலாயிடுச்சு. நீங்க வடிச்சாலும் அந்த நிறம் மாறாது. மண்ணுக்கு மறதி கிடையாது."

"நான் முதுகொடிஞ்சு தோண்டினேனே, அதுக்கு ஒரு வரி கிடையாதா?"

"அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்லீங்களே" என்றான் டாண்டி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னான். பிறகு அடுத்த வயலுக்குப் போய் டோய்ல் நிலத்தைத் திருகிப் பார்த்து, "ஓரளவு மோசமான வடிகால்" என்று எழுதிக்கொண்டு கிளம்பினான்.

ஆக, போர்வையை அடைத்ததால் கடுகளவு பிரயோஜனம்கூட இல்லை. வந்த கோபத்தில் ஆர்லோ நேரே சமையலறைக்குப் போய்ப் பன்றிக்கறி வறுத்துத் தின்றுவிட்டுப் படுத்தான். போர்வை அவன் நினைவிலேயே இல்லை.

தீவனக் கடையில் ஆர்லோவை வைத்துக்கொண்டே டோய்ல் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "நான் ஓரளவுதான் மோசம்! இவன் மிக மோசம்! அரசாங்கமே சொல்லிடுச்சு!"

தீவனம் வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். கோழித்தீவனம் எடுக்க வந்திருந்த வெல்டா மட்டும் மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "மோசத்துல என்னய்யா பெருமை?" என்றாள். "இவர் ஊசிப்போன முட்டை, நீங்க பாதி ஊசிப்போன முட்டை. புத்தகம் என் ஷூவை மீட்டுக் குடுக்குமா? நல்லா ஒரு மழை பெய்யட்டும். வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு ரெண்டு வயல்லயும் நடக்கிறேன். எவன் வயல் என் ஷூவைத் திருப்பிக் குடுக்குதோ அவனைப் பத்தி யோசிக்கிறேன்."

ஆர்லோவுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. நடந்து பார்க்கிற பரீட்சை என்றால் அவனை மிஞ்ச இந்தக் கவுண்டியில் யார்? அன்றே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொட்டு கொட்டென்று கொட்டியது. பெய்யப் பெய்ய அவன் வீட்டுக்குள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு, இருந்த ஒரே நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தான். வயலைக் காணோம். ஏரி இருந்தது. நடுவில் வாத்துகள் குடும்பத்தோடு நீந்திக்கொண்டிருந்தன.

"ஐயோ, போர்வை!" என்று தலையில் கை வைத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான்.

அவன் ஓடைக்கு ஓடுவதற்குள் டோய்ல் வண்டி வந்து நின்றது. வெல்டா இறங்கினாள். வலது காலில் புது வெள்ளை ஷூ. இடது காலில் சேறுதான் இருந்தது. டோய்ல் இடுப்புவரை மண்ணாக இருந்தான். மேட்டு நிலத்தில் அவள் மூன்றாவது அடி வைத்தபோதே ஷூ போய்விட்டதாம், இவன் முட்டிபோட்டுத் தோண்டியும் கிடைக்கவில்லையாம். ஆனால் ஏரியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"நடக்கிறியா வெல்டா, இல்லை படகு கொண்டு வரட்டுமா?"

வெல்டா அவனைக் கண்டுகொள்ளவில்லை. ஏரியைப் பார்த்தாள், ஆர்லோவைப் பார்த்தாள். "இருபது வருஷம் தோண்டினேன் தோண்டினேன்னீங்களே, என்னத்தய்யா தோண்டினீங்க, குளமா?"

ஆர்லோவின் கண் கலங்கிவிட்டது. உள்ளதை அப்படியே கொட்டினான். "நல்லாத்தான் தோண்டினேன், வெல்டா. குழாய் வாயை நான்தான் அடைச்சேன். மண்ணு பார்க்க வர்றவனை ஏமாத்தலாம்னு பார்த்தேன். நீ கிடைக்காம போயிடுவியோன்னு பயம்."

சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடைக்குள் குதித்தான். கழுத்தளவு தண்ணீர். தடவித் தடவிக் குழாய் வாயைக் கண்டுபிடித்து, கரையில் காலை முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பு. குழாய் உறுமியது. அடுத்த நொடி வயல் தண்ணீர் முழுவதும் அவன் முகத்தில் அடித்து அவனை உருட்டிக்கொண்டு போயிற்று. ஓடைத் திருப்பத்தில் வில்லோ மரத்து வேரில் முட்டி நின்றபோது, போர்வை தலையோடு கால் சுற்றி, பிறந்த குழந்தையைத் துணியில் சுருட்டிய மாதிரி மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

ஒற்றை ஷூவோடு கரைவழியே ஓடிவந்த வெல்டா குனிந்து பார்த்தாள். "அது என் போர்வை."

ஆர்லோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இத்தனை நாளா ஒரு பொட்டு கசியலையா?"

"ஒரு பொட்டுகூட இல்லை" என்றது போர்வை.

"என் தையல் அப்படி" என்றாள் வெல்டா. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வாத்துகள் எல்லாம் கிளம்பிப் பறந்துவிட்டன. சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கட்கிழமை சாயங்காலம் வர்றேன். அதுக்குள்ள போர்வையைத் துவைச்சு வை" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். டோய்லால் அவளைக் கொண்டுபோய் விட முடியவில்லை, வண்டி வாசலிலேயே புதைந்துகிடந்தது.

திங்கட்கிழமைக்குள் குழாய்கள் ஏரியைக் குடித்து முடித்திருந்தன. போன வருஷத்துச் சோளத் தட்டைகள் காற்றில் சலசலத்தன. வெல்டா வந்தாள். இடது காலில் கல்யாணத்தன்று மிஞ்சிய ஷூ, வலது காலில் டோய்ல் வயலில் மிஞ்சிய ஷூ. ஒன்றுக்குக் குதி உயரம், ஒன்றுக்குத் தட்டை. விந்தி விந்தி வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தாள். திரும்பியும் நடந்தாள். ஆர்லோ மூச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றான். அவள் வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு ஷூவும் இருந்தன.

"ஆனா புத்தகத்துல மிக மோசம்னுதான் இருக்கும், வெல்டா. அதை மாத்தவே முடியாதாம். மண்ணுக்கு மறதி இல்லையாம்."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "நானும் பத்து வருஷம் சேத்துல கிடந்தவதான். என்னையும் தோண்டிப் பார்த்தா உள்ளே சாம்பலாத்தான் இருக்கும். அதுக்காக இன்னும் அழுதுக்கிட்டா இருக்கேன்?"

ஆர்லோ துவைத்துக் காயவைத்த போர்வையை மடித்து நீட்டினான். அவள் அதை வாங்காமல், "வீட்டுக்குள்ள கொண்டு போய் வை. நான் வந்து பார்த்துக்கிறேன்" என்றாள்.

ஜூனில் கல்யாணம். அந்த ஜோடி சேராத ஷூக்களையே போட்டுக்கொண்டு விந்தி விந்தி வந்தாள். டோய்லும் வந்திருந்தான், பெர்சிமன் பழப் புட்டிங்கை இரண்டு தடவை வாங்கித் தின்றான், போகும்போது ஆர்லோவைத் தனியாகக் கூப்பிட்டுக் குழாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.