சோலார் தகட்டுக்குப் போட்ட பட்டை

எங்க வீட்டு மொட்டை மாடி என் சம்சாரத்துக்குச் சொந்தம். வத்தல், வடகம், துணி எல்லாம் அங்கனதான் காயும். அந்த மாடியில சோலார் தகடு மாட்டணும்னு நான் கேட்டப்ப, கீழ ஓடுற என் மாவு மில்லு சத்தத்தைவிட அவ சத்தம் பெரிசா இருந்துச்சு.

ஆசை வந்தது தேனியில ஒரு முகாமுக்குப் போன எடத்துல. வீட்டையும் கடையையும் புகையில்லாம, எதையும் வீணாக்காம நடத்துறது எப்படின்னு சொல்லிக் குடுத்தாக. மானியம் எங்க கேக்கணும், யாரு வந்து மாட்டுவாகன்னு விளக்குனாக. எனக்குப் பாதி மறந்துபோச்சு. ஆனா சூரிய பகவானைத் தினம் கும்பிடுறவன் நான். அவரே மில்லை ஓட்டித் தாரேங்கிறப்ப வேணாம்னு சொல்ல நான் யாரு?

"சரி, மாட்டுங்க. கார்த்திகைக்குள்ள உருப்படியா ஓடலைன்னா கழட்டிப்புட்டு என் மாடியைத் தந்திரணும். முருகன் மேல சத்தியம் பண்ணுங்க"ன்னா சம்சாரம். பண்ணினேன். அந்தச் சத்தியத்தை நான் விளையாட்டுக்குப் பண்றதில்ல.

முதல்ல நல்லாத்தான் ஓடுச்சு. ஆயுத பூஜை வந்துச்சு. சக்கரம் வச்சது, சுவிட்சு வச்சது எதையும் அன்னைக்கு நாங்க விடமாட்டோம். மில்லு, தராசு, பைக், மிக்ஸி எல்லாத்துக்கும் பட்டை போட்டாச்சு. புதுசா வந்த தகடு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒவ்வொண்ணுலயும் குழைச்ச விபூதியில அகலமா மூணு பட்டை, மேல உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், குங்குமம். மாடி கைலாயமா இருந்துச்சு.

மறுநாள்லருந்து கரண்டு இளைச்சுப் போச்சு. மேகமலைப் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லாத அன்னைக்குக்கூட எவ்வளவு கரண்டு வருதுன்னு போன்ல காட்டுற கோடு படுத்தே கெடந்துச்சு. கண்ணேறுதான்னு முடிவு பண்ணினேன். எதிர்வீட்டுக்காரர் தினமும் அண்ணாந்து பாக்குறாரே! கம்பு நட்டு திருஷ்டிப் பூசணிக்காயைத் தொங்கவிட்டேன். இன்னும் குறைஞ்சுச்சு. ஒருநாள் மழை வந்து பட்டையைக் கழுவப் பாத்துச்சு. விட்டேனா? மறுபடியும் இன்னும் கெட்டியாப் போட்டேன்.

"கார்த்திகை வருது. உங்க முருகன் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு"ன்னா சம்சாரம்.

தகட்டை மாட்டிவிட்ட போடிக்காரத் தம்பிக்குப் போன் போட்டு, "என்னப்பா, ஓட்டைத் தகட்டை என் தலையில கட்டிட்டியா?"ன்னு கத்தினேன். வந்தார். மேல ஏறினவர் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

"அண்ணே, இது தகடா, கோயில் சுவரா?"

"ஏன்ப்பா, சாமிக்குப் பிடிக்காதா?"

"சாமிக்குப் பிடிக்கும்ணே. வெயிலு எந்த வழியா உள்ள போகும்? பத்தாததுக்குப் பூசணிக்காய் நெழல் வேற. ஒரு தகட்டுல நெழல் விழுந்தா வரிசையே சுணங்கும். துடைச்சு விடுங்க."

துணியை நனைச்சுட்டேன். கை போகல. பூசின விபூதியைப் பாத்திரம் துலக்குற மாதிரி எப்படித் தேய்க்கிறது? தகட்டைக் கழட்ட வேண்டியதுதான், மாடியும் போச்சுன்னு நின்னேன். சம்சாரம் வாளியைப் பிடுங்கினா.

"தள்ளுங்க. சிவனுக்கே தினமும் குளிப்பாட்டித்தான வைக்கிறாக? அபிஷேகம்னு நெனச்சுக்கங்க."

"ஏத்தா, நீ சும்மா நின்னிருந்தா மாடி உனக்குத்தான?"

"எனக்குத்தான். அப்புறம் சாமி கைவிட்டுருச்சுன்னு வருசம் பூராம் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீக. அதை யாரு பாக்குறது?"

தேய்ச்சு முடிச்சா. அந்தத் தண்ணியைக் கால்படாத எடமாப் பாத்து நான் ஊத்தினேன். மதியத்துக்குள்ள கோடு நிமிந்து உக்காந்துச்சு. அவ வடகம் ஊத்தக் கூழ்ச் சட்டியோட தங்கச்சி வீட்டு மாடிக்குக் கிளம்பினா.

"முருகா!"ன்னேன் நான், மனசு நெறஞ்சு.

"அவரை எதுக்குக் கூப்பிடுறீக? நீங்க வந்து இந்தச் சட்டியைத் தூக்குங்க."