ஓட்டுக்கு முன் ஒப்புட்டு

மதியச் சாப்பாட்டை ஓட்டெடுப்புக்குப் பின் அல்ல, முன்பே பரிமாறுவது என்று எங்கள் பம்ப் கம்பெனியின் இயக்குநர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தொண்ணூறுகளின் கோயமுத்தூரில் இதைவிடத் தொலைநோக்கான தீர்மானம் எதுவும் நிறைவேறியதாக எனக்குத் தெரியவில்லை.

மண்டபம் முழுக்க ஒப்புட்டின் மேல், அதாவது எங்கள் ஊர்ப் போளியின் மேல், நெய் உருகும் வாசனை...

நான் அப்போது கம்பெனி செக்ரட்டரியிடம் குமாஸ்தா. பம்பாய் கம்பெனி ஒன்றோடு எங்களை இணைக்கப் போகிறார்கள். இணைந்தால் இரும்பு வார்க்கும் எங்கள் சூலூர் ஃபவுண்டரியை மூடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோர்ட் உத்தரவுப்படி பங்குதாரர்கள் கூடி ஓட்டுப் போட வேண்டும். பங்கு மதிப்பில் முக்கால்வாசி ஆதரவு தேவை; அது முதலாளி கையிலேயே இருந்தது. ஆனால் ஓட்டுப் போடுபவர்களில் தலைக்கணக்கிலும் பாதிக்கு மேல் தேவை. அந்தத் தலைகள் ஃபவுண்டரியில் இருந்தன. ஒரு வருஷம் போனஸுக்குப் பதிலாக அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள்.

மோல்டிங் மேஸ்திரி பழனிச்சாமி அண்ணனோடு அத்தனை பேரும் எதிர்த்து ஓட்டுப் போட வந்திருந்தார்கள், சலவைச் சட்டையில்.

முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினார்.

"ஏனுங்க பழனிச்சாமி, அதுக்குள்ள இலைய மடிக்கறீங்க? இன்னொன்னு வெச்சுக்குங்க."

"போதுமுங்க."

"நம்மூட்டு விசேசம்னா இப்படித்தான் எந்திரிப்பீங்களா?"

வைத்துக்கொண்டார்.

பிறகு சீட்டுக் கொடுத்தோம். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய சீட்டு. அண்ணன் வாங்கினார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

பெட்டிக்குச் சீல் வைத்தபின் வாசலில் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, எதுத்துப் போடலீங்களா?"

"கை கழுவுன ஈரங்கூடக் காயல கண்ணு. அந்தக் கையில வேண்டாம்னு எழுதுனா நல்லாவா இருக்கும்? அதுக்காக வேணும்னும் எழுதலயே. நாங்க போடாட்டி அவிகளுக்குத் தலை பத்தாதல்லோ."

போடாத சீட்டைச் சட்டம் எண்ணுவதில்லை; போட்ட தலைகளில் பாதியைத் தாண்டினால் போதும். போட்டவர்கள் முதலாளியின் பங்காளிகளும் சம்பந்திகளும். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று இணைப்பை அனுமதித்த கோர்ட் உத்தரவில் வந்தது.

இப்போதெல்லாம் பங்குதாரர்களுக்குப் போனிலேயே ஓட்டு. யாரும் ஒப்புட்டு வைப்பதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. போன வாரம்கூட ஒரு இணைப்பை எதிர்த்துப் போட்டேன்... கை நன்றாகக் காய்ந்திருந்தது.

சூலூர் ஃபவுண்டரியில் அந்தக் கூட்டத்துக்கு அடுத்த பொங்கலுக்குள் உலையை அணைத்தார்கள். பழனிச்சாமி அண்ணன் போத்தனூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனார்.