அப்பாவின் டீசல் காரில் எண்ணெய் ஏறிய கதை

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் பெட்ரோல் போட நின்றபோது, பக்கத்துப் பம்பில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த லோரிக்காரர் குழாயை உருவிய வேகத்தில் இரண்டு துளி என் செருப்பில் தெறித்தது. "சாரி லா அக்கா" என்றார். பரவாயில்லை என்று என் வாய் சொன்னது. வேண்டுமென்றே செய்திருப்பாரோ என்று மனசு கேட்டது. என் மனசு அப்படித்தான். யார் என்ன செய்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நம்பும்.

அலுவலக லிஃப்டில் கூட வேலை செய்யும் பெண் மூக்கைச் சுளித்தாள். "ஏதோ டீசல் வாடை வருதே, லிஃப்ட் கெட்டுப்போச்சா?" என்றாள். நான் ஒன்றும் அறியாதவள் போல எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழுவியிருக்கலாம். கழுவ மனம் வரவில்லை. எனக்கு அது அப்பாவின் வாடை.

எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுக் கிள்ளானில் நாங்கள் குடியேறியபோது கூடவே வந்தது ஒரு ஏழு பேர் உட்காரும் டீசல் கார். நாலு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார் அது. காலையில் கிளப்பினால் தெருவுக்கே விடிந்துவிடும். அந்த நாளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கோமுட்டர் ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிடுவது, மீன், காய் வாங்க அம்மாவைப் பாசாருக்குக் கூட்டிப்போவது, ஞாயிற்றுக்கிழமை வழியில் நிற்கிற நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவது, எல்லாம் அந்தக் காரில்தான். அதை ஓட்டுகிற வரைக்கும் அப்பா தன்னை ஓய்வு பெற்றவராக நினைக்கவே இல்லை.

அந்தக் காரை எந்த வொர்க்‌ஷாப்புக்காரரும் தொட முடியாது. ஒரு காலத்தில் தொட்டார்கள். அப்பா புதிதாக வாங்கிப் போட்ட, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை ஒரு கடையில் கழற்றி வைத்துக்கொண்டு, அதே அச்சில் ஒரு கிழட்டு ஆல்டர்னேட்டரை மாட்டி அனுப்பிவிட்டார்கள். இது அப்பா சொல்லும் வரலாறு. அம்மா சொல்லும் வரலாற்றில் அது முதலிலிருந்தே கிழடுதான். எப்படியோ, அன்றோடு வொர்க்‌ஷாப்புகளுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. வீட்டு முன் போர்ச்சில் ஒரு காலிப் பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிரேக் கட்டை முதல் கியர் பெட்டி வரை தானே பார்த்துக்கொண்டார். டயர் மாற்றவோ, சக்கரத்தை நேராக்கவோ வெளியே கொடுக்க வேண்டிவந்தால், முந்தின நாளே என்னுடைய சிவப்பு நெயில் பாலிஷை வாங்கிப்போய் பாகம் பாகமாகப் பொட்டு வைப்பார். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பொட்டுகளைச் சரிபார்ப்பார். என் நகத்தில் பூசியதைவிட அந்த என்ஜினில் பூசியது அதிகம். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு உங்க என்ஜின்" என்று அம்மா சொல்வார்.

சந்தேகம் காரோடு நிற்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மீன்காரர் செதில் எடுக்க உள்ளே போனால் கூடவே போவார். பிரசங்கம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டால், "ஃபாதர் எதையோ சுத்தி வளைக்கிறாரு, கட்டட நிதியாத்தான் இருக்கும்" என்று என் காதில் சொல்வார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

உதிரிப் பாகத்துக்குத் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு சீனர் கடைக்குப் போவோம். ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலில் அனுப்பிய கார்களின் முன்பக்கங்கள் அங்கே கூரை வரை அடுக்கியிருக்கும். அந்தக் கடையின் முதலாளி, தவுக்கே, அப்பாவைக் கண்டதும் கையை உயர்த்திக் கும்பிடுவார். அப்பா ஒரு சாமானை மோந்து, ஆட்டி, காதில் வைத்துக் கேட்டுத்தான் வாங்குவார். "அங்கிள், இது தேங்காய் இல்லை லா" என்று ஒருமுறை தவுக்கே மலாயில் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. தேங்காயைக் கூட அவர் அப்படித்தான் வாங்குவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் என்ஜின் எண்ணெயை அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்கு வந்து, "எண்ணெய் ஏறியிருக்கு" என்றார்.

என்ஜின் எண்ணெய் குறையும். பழைய கார் என்றால் குடிக்கவும் செய்யும். ஏறுமா? அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நீங்களே ஊத்திட்டு மறந்திருப்பீங்க" என்றார். அப்பா தினமும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வாரம் போகப் போக எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியது. "எவனோ ஊத்துறான்" என்று முடிவுக்கு வந்துவிட்டார். எண்ணெயைத் திருடுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இரவில் வந்து சொந்தச் செலவில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறவனை யாரும் கேள்விப்பட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமே போய், காரைக் கைகாட்டி, "உங்களுக்கு என் காடி மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் அம்மாவிடம் ரகசியமாக, "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

அங்கேதான் விஷயம் திரும்பியது. ஏற்கெனவே அந்த மாதம் அப்பா அடுப்பை அணைக்க மறந்திருந்தார். என் சித்தியை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். அம்மா எல்லாவற்றையும் கோத்துப் பூச்சோங்கில் இருந்த ஸ்டீபன் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் வங்கியில் வேலை பார்ப்பவன், எதையும் இழுக்கமாட்டான். "ஊத்துறதும் அவரே, மறக்குறதும் அவரே. இனிமே அவர் கையில ஸ்டியரிங் குடுக்கக்கூடாதும்மா. ஞாயித்துக்கெழமை வந்து சாவிய வாங்கிக்கிறேன். காஜாங்ல ஒரு ஆள் காடிய எடுத்துக்கறேன்னு சொல்றாரு" என்றான்.

சாவி போனால் அப்பா வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதைவிட, எனக்கு அண்ணன் மேல் சந்தேகம். புதுக் கார் வாங்கப் போகிறான், வரும்போதெல்லாம் நிறுத்த எங்கள் போர்ச் வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். நான் யார் மகள்?

அப்பாவும் நானும் துப்பறியத் தொடங்கினோம். பானெட்டை மூடி, அதன் இடுக்கின் மேல் குறுக்காக நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டோம். யார் திறந்தாலும் கோடு உடையும். வழக்கம்போல வேலைக்கும் பாசாருக்கும் ஓட்டினோம். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கோடு முடியளவும் விரியாமல் அப்படியே இருந்தது. திறந்து டிப்ஸ்டிக்கை உருவினார் அப்பா. எண்ணெய் இன்னும் ஏறியிருந்தது.

அவர் முகத்தில் பயம் தெரிந்தது. அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. தன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்ட மனிதர், அந்த நிமிஷம் தன்னைத் தொட்டுவிட்டார். "பாப்பா, நான் ஊத்தலதானே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. கோடுதான் உடையலையே" என்றேன்.

டிப்ஸ்டிக்கைத் துடைத்த காகிதத்தை என் கையில் கொடுத்தார். மூக்கில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் தண்ணீராக ஓடியது, வாடையும் வேறாக இருந்தது. "அப்பா, இது டீசல் மாதிரி வாடை அடிக்குது" என்றேன். அவர் பிடுங்கி மோந்தார். ஒரு கணம் கழித்து முகம் அப்படியே மலர்ந்தது. "அப்ப ஆளு உள்ளதான் இருக்கான்!" என்றார்.

ஆள் டீசல் பம்ப். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, பம்பிலிருந்து டீசல் கசிந்து என்ஜின் எண்ணெயோடு சேர்ந்துகொண்டிருந்தது. அப்பா அன்றே சாவியைக் கழற்றி மாதா படத்தின் கீழ் ஆணியில் மாட்டினார். "யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. வயிறு முட்ட நெறஞ்சு கெடக்கு. அந்த எண்ணெயையே குடிச்சு ஓட ஆரம்பிச்சுச்சுன்னா, சாவிய உருவினாலும் நிக்காது. நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து எல்லாத்தையும் எறக்கிடலாம்" என்றார். அன்று ராத்திரி அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். அப்பா சட்டை மாற்ற உள்ளே போனார். அண்ணன் வந்து இறங்கினான். அம்மா ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். நான் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன், ஸ்டார்ட் பண்ணாதே என்றேன்.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நான் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு அப்பா சொல்லிக் குடுத்த கதையா இது? சாவிய உருவினா நிக்காத காடி எந்த ஊர்ல இருக்கு?" என்றான்.

ஏறி உட்கார்ந்து கிளப்பினான். முதலில் நன்றாகத்தான் ஓடியது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தான். பிறகு அவன் கால் வைக்காமலே என்ஜின் வேகம் எடுத்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னால் புகை கக்கி, போர்ச் மறைந்து, தெரு மறைந்தது. அண்ணன் சாவியை உருவிக்கொண்டு வெளியே குதித்தான். "சாவி என் கையில இருக்கு! ஐயோ, இன்னும் ஓடுது!" என்று சாவியை எங்களுக்கு உயர்த்திக் காட்டிக்கொண்டு கத்தினான். அம்மா மாதாவைக் கூப்பிட்டார். வெடிக்கப்போகிறது என்றே நான் நினைத்தேன்.

அப்பா பாதி சட்டையோடு புகைக்குள் நுழைந்தார். நான் பிடித்து இழுத்தேன், தட்டிவிட்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து, கிளட்ச்சை மிதித்து, ஐந்தாவது கியரில் தள்ளி, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டு கிளட்ச்சை விட்டார். கார் ஒருமுறை முழுதாகக் குலுங்கியது. சுவரை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது. செத்து நின்றது.

தெரு நாய் ஒன்று குரைத்தது. அப்பா இறங்கி இருமினார். அண்ணனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கையை நீட்டினார், அவ்வளவுதான். அண்ணன் சாவியை அந்தக் கையில் வைத்தான். "சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அப்பா முகம் கழுவப் போனார். அம்மா அன்று கோழிக்கறியில் உப்புப் போட மறந்துவிட்டார். எல்லாரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

எண்ணெயை இறக்கி, தவுக்கேயிடம் சீல் வாங்கிவந்து, அப்பாவும் நானும் பம்பைக் கழற்றி மாட்டினோம். கார் அதற்குப் பிறகும் வெகு காலம் ஓடியது. அம்மா இறந்தபோதும் அதில்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பா மறக்கிறாரா என்று நான் மட்டும் விடாமல் கவனித்துக்கொண்டே இருந்தேன். பெயர்களைக் கேட்டுச் சோதித்தேன், சாவியை ஒளித்துவைத்துச் சோதித்தேன். எல்லாவற்றிலும் தேறினார். நான் தப்பான இடத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள் பெட்ரோல் நிலையத்தில் மீட்டரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது உறைக்கவில்லை. இன்னொரு நாள், வழி கேட்ட ஒரு வாலிபனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, "எடுத்துட்டுப் போய் வா தம்பி" என்றார். நல்ல வேளை, பயல் பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வருஷமே காரை விற்றோம். வாங்க வந்தவர் என்ஜினில் எங்கே பார்த்தாலும் சிவப்புப் பொட்டாக இருக்கிறதே, ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்.

போன மாதம் என் காரைப் பூச்சோங்கில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டபோது அப்பாவும் கூட இருந்தார். குளிர்சாதன அறை, கோப்பி இயந்திரம். ஒரு இளைஞன் வந்து அதை மாற்ற வேண்டும், இதை மாற்ற வேண்டும் என்று ஒப்பித்தான். பாதி பொய் என்று எனக்கே தெரிந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா, ஒரு முறை மோந்து பார்க்கக் கேட்கமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. அவர் அந்தப் பையனின் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல பிள்ளை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்து கிராப் டாக்சியைக் கூப்பிட்டு, அது வந்ததும் கதவைத் திறந்து பிடித்தேன். அப்பா என்னையும் அதே சிரிப்போடு பார்த்தார். "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், அது யாருடைய கார், எங்கே போகிறது என்று ஒன்றுமே கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.