மூத்தார் பார்த்த லேப்டாப்

மணிமேகலைக்கு ஒரு மூத்தார் உண்டு. கணவன் குருவுக்கு அண்ணன், பெயர் குப்புராஜ். கல்யாணமாகி வந்த பதினோரு வருடங்களில் அவள் அவரிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இவள் சமையல்கட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. சொல்ல வேண்டியது இருந்தால் மாமியார் முனியம்மாளிடம் சொல்ல வேண்டும். மூன்றடி தூரத்தில் இருந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்ட மனிதர், தன் அம்மா அதைத் திருப்பிச் சொல்லும்வரை செவிடர் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வருடம் இது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் சிரிப்பாக இருந்தது, இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அவள் கடத்தூர்க்காரி. கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்டும் முடித்தவள். படித்த மருமகள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டு அழைத்து வந்தார்கள். வந்த மூன்றாம் நாள் கையில் அரிவாளைக் கொடுத்து மல்பெரித் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பாலக்கோட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊர் அது. பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். புழுவுக்கு இலை அறுத்துப் போட்டே எட்டு வருடம் போனது. பிறகு ஆன்லைனில் டியூஷன் நடத்துகிற ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கும் வேலையைப் பிடித்தாள். சீட்டு எடுத்து, பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாள். வீட்டில் எந்நேரமும் டிவி அலறும் என்பதால் புழு ஷெட்டின் ஓரத்தில், இலை குவித்து வைக்கும் அறையில் மேசை போட்டுக்கொண்டாள். சத்தம் புழுவுக்கு ஆகாது என்பதால் ஊரிலேயே சத்தமில்லாத இடம் அதுதான். புழுவுக்கு இருந்த மரியாதையில் அவளும் கொஞ்சம் ஒண்டிக்கொண்டாள் என்று சொல்லலாம். மூன்று வருடத்தில் எண்ணூறு பாடங்களைத் தானே படம் வரைந்து தயாரித்து அந்த மெஷினுக்குள் வைத்திருந்தாள்.

குப்புராஜ் கதை வேறு. இருபது வருடத்துக்கு முன்னால் பாலக்கோட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் போனவர். அந்தச் சான்றிதழ் லேமினேஷன் செய்யப்பட்டு, கூடத்தில் சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில் தொங்குகிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. சுற்றுவட்டாரத்தில் எவர் வீட்டு கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து உட்கார்ந்ததும் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் என்பதைப் பத்து முறை அமுக்குவார். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அப்புறம் "வைரஸ்" என்பார். அப்புறம் ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். பால் சொசைட்டி மாது வீட்டில் மகள் கல்யாணப் போட்டோ மொத்தமும் அப்படித்தான் போனது. வைரஸை அடியோடு எடுத்துவிட்டாரே என்று அவர்கள் நன்றி சொல்லி, ஒரு சொம்பு நெய்யும் கொடுத்து அனுப்பினார்கள். ஏமாறுவதற்கென்றே இப்படி நான்கு பேர் இருந்தால் எவன்தான் மேதை ஆக மாட்டான் என்று மணிமேகலை நினைத்துக்கொண்டாள். மனதுக்குள் நினைப்பதற்கு மட்டும் அந்த வீட்டில் வழக்கம் எதுவும் குறுக்கே வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப்டாப் தானாக அப்டேட் ஆகி, அணைந்து, மறுபடி எழுந்தது. எழுந்ததிலிருந்து உள்ளே இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி கத்தத் தொடங்கியது. அன்று சாயங்காலம் கோயம்புத்தூர் பையன் ஒருவனின் அம்மா, டீச்சர் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று கம்பெனிக்கு எழுதினாள். புதன்கிழமை இன்னொரு புகார் போனது. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை நான்கு மணி வகுப்பை மேலதிகாரி ஒருவர் உட்கார்ந்து கேட்பார், அதிலும் சத்தம் இருந்தால் வேலை இல்லை என்பதை மிகவும் பணிவான சொற்களில் எழுதியிருந்தார்கள்.

மணிமேகலை பதறவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் மெஷின் உள்ளுக்குள் ஏதாவது வேலை செய்து சூடாகும், ஃபேன் வேகமாக ஓடும், பிறகு தணிந்துவிடும் என்று படித்துத் தெரிந்துகொண்டாள். காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை உள்வேலை எல்லாம் ஓய்ந்துவிட்டது, சத்தம் ஓயவில்லை. காற்று வெளியே வருகிற துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். ஃபேன் அந்தக் கத்து கத்தியும் காற்று வரவில்லை. அப்படியானால் எங்கோ அடைத்திருக்கிறது. அடைப்பு முன்பே இருந்திருக்க வேண்டும், அப்டேட் அதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கிறது. பாலக்கோட்டு ரிப்பேர் கடைக்காரன் நான்கு நாள் ஆகும் என்று போனில் சொன்னான். பத்து ஸ்க்ரூதானே, காலையில் தானே கழற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள். செய்த தவறு, அதை இரவுச் சாப்பாட்டின்போது குருவிடம் சொன்னது.

குரு டெம்போ ஓட்டுகிறவன். கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் சரி என்று நம்புகிறவன். காலையில் வண்டி எடுக்கப் போகும் வழியில் அண்ணனைப் பார்த்தான், சொன்னான், போய்விட்டான். மணிமேகலை இலை போட்டுவிட்டு ஷெட்டிலிருந்து வந்தபோது குப்புராஜ் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் லேப்டாப் அவர் மடியில் இருந்தது. ரெஃப்ரெஷ் நடந்துகொண்டிருந்தது.

அவள் நிலைப்படிக்குப் பின்னால் நின்றாள். "அத்த, வைரஸ் இல்லன்னு சொல்லுங்க. உள்ள ஃபேன்ல தூசி அடச்சிருக்குது. பின்மூடியக் கழட்டித் தொடச்சா போதும்."

முனியம்மாள் எதையும் முழுசாகக் கொண்டுபோகிறவள் அல்ல. கூடைக் கத்தரிக்காயை எடுத்துப் போகிற வழியில் பாதியைச் சிந்திவிட்டுப் போகிற ஆள். "தூசியாம்ப்பா" என்றாள்.

குப்புராஜ் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "தூசிக்கு எங்கனா சத்தம் வருமா? நம்ம வூட்டு ஃபேன்ல இல்லாத தூசியா? அப்டேட்டுல வைரஸ் பூந்துடுச்சு. ஃபார்மட் பண்ணா கம்முனு ஆயிடும்னு சொல்லும்மா."

எண்ணூறு பாடம் உள்ளே இருக்கிறது, எல்லாம் அழிந்துவிடும் என்று மணிமேகலை சொல்லி அனுப்பினாள். பாடம் இருக்குதாம் என்று மட்டும் முனியம்மாள் கொண்டுபோனாள். அதெல்லாம் நெட்டில் இருக்கும், எங்கேயும் ஓடாது என்று பதில் வந்தது. இந்த ஊர் சிக்னலில் எண்ணூறு பாடத்தை நெட்டில் ஏற்ற எண்ணூறு நாள் ஆகும் என்பது அந்த மேதைக்கு எப்படித் தெரியும். பாடங்களுக்கு ஒரு நகல் இருந்தது. பென் டிரைவில் போட்டு வைத்திருந்தாள். போன மாதம் மாரியம்மன் பண்டிகைக்குப் பாட்டு ஏற்ற வேண்டும் என்று குருவிடம் கேட்டு அதை வாங்கிப் போனவர் இதே குப்புராஜ். துடைத்துச் சுத்தமாக்கித் தாலாட்டும் தெம்மாங்கும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார். வேறு ஒன்று வாங்காமல் இருந்த தன் சோம்பேறித்தனத்தையும் மணிமேகலை அப்போது திட்டிக்கொண்டாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பென் டிரைவை எடுத்துச் செருகினார். திரை நீலமாக மாறியது. ஏதோ கேட்டது, நெக்ஸ்ட் அமுக்கினார். மறுபடி கேட்டது, மறுபடி அமுக்கினார். மூன்றாவதாக வந்த கட்டத்தை நிலைப்படியிலிருந்தே அவளால் படிக்க முடிந்தது. இதில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், திரும்பக் கிடைக்காது, தொடரலாமா என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் கேட்டது. அவர் விரல் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

மணிமேகலை நிலைப்படியைத் தாண்டினாள்.

"மாமா, கைய எடுங்க."

கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான் அது. முனியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். குப்புராஜ் கையை எடுத்துவிட்டார். பதினோரு வருடத்தில் அந்தக் குரல் தன்னை நோக்கி வந்ததில்லை என்பதால் அனிச்சையாக எடுத்துவிட்டார் போல.

"அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க" என்றாள்.

அவர் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது, முதல் சொல்லிலேயே நின்றது. காது மடல் சிவந்தது. பிறகு அவளைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்து, "நெக்ஸ்ட்டுன்னு இருக்குதும்மா" என்றார்.

அவளுக்குப் பாவமாக இல்லை. இருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, ஆனாலும் இல்லை. இருபது வருடமாக ஊரில் ஒரு வீடு விடாமல் துடைத்து எடுத்த மனிதர் அதில் எழுதியிருந்த ஒரு வரியையும் படித்ததில்லை. மடியிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பென் டிரைவைப் பிடுங்கி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அணைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள்.

குரு டார்ச் லைட் கழற்ற வைத்திருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதுமானதாக இருந்தது. பத்து ஸ்க்ரூவையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். மூடியைத் தூக்கியதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஃபேன் முழுக்க வெள்ளை. புழு தோல் உரிக்கும் சமயத்தில் தட்டுகளில் தூவுகிற சுண்ணாம்புத் தூள் ஈரத்தோடு சேர்ந்து இறக்கைகளில் அப்பி, பாளமாக இறுகியிருந்தது. தூவியது அவள் கைதான். மேசையை அங்கே போட்டதும் அவள்தான். குப்புராஜ் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தை வெட்கத்தோடு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப் புழுவை இலைக்குத் தள்ளுவதற்கு வைத்திருந்த கோழி இறகை எடுத்தாள். ஒரு மணி நேரம் சுரண்டினாள், தட்டினாள், ஊதினாள். மூடி போட்டு இயக்கியபோது ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

நான்கு மணி வகுப்புக்கு மேசையை ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலுக்கு மாற்றினாள். இருபடிச் சமன்பாடு நடத்தினாள். முடிவில் அந்த மேலதிகாரி, குரல் தெளிவாக இருக்கிறது, சத்தம் எதுவும் இல்லை, தொடருங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், வேலை தப்பியது.

வீடு தப்பவில்லை. குரு வந்ததும் குப்புராஜ் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, தம்பி பெண்டாட்டி தன் மூஞ்சிக்கு நேரே அதிகாரம் பண்ணினாள் என்று முறையிட்டார். லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஃபேன் சத்தம் எப்படி நின்றது என்று குரு கேட்டதற்கு, காலையில் தான் பாதி வைரஸை எடுத்துவிட்டதாகச் சொன்னார். கடைசியாகப் பேசியவர் அவர்தான் என்பதால் குரு சமையல்கட்டுக்கு வந்தான்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுடு மேகல. வூட்டுக்குள்ள எதுக்கு."

"நேரா பேசுனதுதான குத்தம்?" என்றாள் மணிமேகலை. "அப்ப மன்னிப்ப மட்டும் எப்படிங்க நேரா கேக்கறது? அத்தகிட்ட சொல்லி உடறேன்."

குருவுக்கு அதில் தவறு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் மாமியாரிடம் திரும்பினாள். "அத்த, பேசுனது தப்புதான், மன்னிச்சிக்கச் சொல்லுங்க. அந்த மூணாவது கட்டத்துல என்ன எழுதியிருந்துதுன்னு மட்டும் அவரத் தம்பிகிட்ட சொல்லச் சொல்லுங்க."

முனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மன்னிப்பு மட்டும்தான் போய்ச் சேரும் என்று மணிமேகலைக்குத் தெரியும். இத்தனை வருடம் பார்த்தவளாயிற்றே. ஆனால் கூடத்திலிருந்து அவள் சொன்னது அப்படியே, ஒரு சொல் சிந்தாமல் கேட்டது. மூணாவது கட்டம் என்பதுகூட விடுபடவில்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு குப்புராஜ் செருப்பைத் தேடினார். படி இறங்கி வாசலைத் தாண்டிப் போனார்.

முனியம்மாள் திரும்பி வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதில் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள். "எனக்குத்தான் எழுத்து தெரியாது. அவனுக்குத் தெரியும்னுல்ல இருவது வருசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."