பின்னேரம் வெட்டு, காலையில் குளிசை

மயிலம்மா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. பாண்காரன் அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணினாலும், இன்றைக்குச் சுட்டதுதானா என்று இன்னொரு தரம் கேட்பாள். அடையாள அட்டை கேட்டு வந்தவனிடம் நீ பொலிஸ்தானா என்று கேட்டு, கொட்டாஞ்சேனை முடுக்கு முழுக்கப் பேர் வாங்கியவள். தேயிலைத் தோட்டத்தில், என்னவென்று விளங்காமலே கைநாட்டு வைத்துக் கருத்தடை செய்துகொண்ட பெண்களைக் கண்டு வளர்ந்தவள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

வடக்கில் சண்டை நடந்த காலம்; கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த வருடம் அது. கலியாணமாகியும் பிள்ளை இல்லை. மாதாமாதம் உதிரம் கொட்டியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கொடுக்கிற மருந்தில் என்ன குணம் இருக்கும் என்று, ஒருகொடவத்தைக் கொண்டெய்னர் யார்டில் மூட்டை சுமக்கும் புருஷன் சங்கிலி, ஒரு பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணினான். வாசலில் காவற்காரன் பையைத் துழாவினான். உள்ளே போனால் மடியைத் துழாவினார்கள். டொக்டர் ஸ்கேனை ஒரு பார்வை பார்த்தார். கட்டியாம், கர்ப்பப்பையோடு எடுக்க வேண்டுமாம், இந்தக் கிழமையே வந்து படுக்க வேண்டுமாம். சங்கிலியின் முகம் செத்துப்போயிற்று. மயிலம்மா ஸ்கேன் படத்தை வாங்கிப் பையில் வைத்தாள்.

"என்னா அவசரம் அந்தாளுக்கு? கட்டி எனக்கா, அவருக்கா?" என்றாள் வெளியே வந்து.

அடுத்த வீட்டு ஸமீமாதான் வழி சொன்னாள். அதே டொக்டர் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் சும்மா பார்க்கிறார். ஸ்கேன் படத்தோடு புது ஆள் மாதிரிப் போய் நில் என்றாள்.

போய் வரிசையில் நின்றாள். டொக்டருக்கு அவள் முகம் நினைவில்லை. படத்தைத் தூக்கிப் பிடித்தவர், சின்னக் கட்டிதான், குளிசை போதும், பிள்ளைக்கும் தடையில்லை என்றார்.

இன்னொருத்தி என்றால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள். ஆனால் சண்டையில் காயப்பட்டவர்களால் ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்ததை இவள் வரும்போதே பார்த்திருந்தாள். சிங்களத்தில் கேட்டாள்:

"வெட்டத் தேவையில்லையா, இல்ல கட்டில் இல்லையா? வெள்ளவத்தையில வெட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க."

டொக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். தேவையில்லை என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதையும் நம்பாமல், கொச்சிக்கடையில் ஒரு பெண் டொக்டரிடம் படத்தைக் காட்டினாள். அவரும் அதையே சொன்ன பிறகுதான் குளிசையை விழுங்கினாள்.

இரண்டு வருடம் கழித்துப் பிரசவ வார்டில், பெண் பிள்ளை என்று சொல்லித் தாதி துணியில் சுற்றிக் கொடுத்தாள். மயிலம்மா துணியை விலக்கித் தானே பார்த்தாள். பார்த்த பிறகுதான் அழுதாள்.